ஃபாஸ்ட் டைம் அண்ணாச்சியும் என் தூக்கமும்

இந்திய அரசாங்கத்தின் கடிகாரமே தப்பு என்று சொல்லி, தன் கடை வரைக்கும் அதைத் திருத்தியும் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் டாலிகஞ்ச் ‘ஃபாஸ்ட் டைம்’ அண்ணாச்சிதான். எங்கள் தீவில் சூரியன் மெயின்லேண்டுக்கு முன்னாலேயே எழுந்து, சாயங்காலம் சீக்கிரமே கடையைக் கட்டிவிடும். டில்லிக்காரன் மணிக்கு நாம் ஏன் எழுந்திருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்சி. அதனால் அவருடைய மளிகைக் கடைக் கடிகாரம் எப்போதும் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அதில் ஒரு மணி கழித்துக்கொள்ள வேண்டும் என்பது பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று தெருவுக்கே மனப்பாடம்.

அவர் கடை மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது கணவருக்கு தீவுகளின் வடகோடியில், திக்லிபூரில் டியூட்டி. செக்கப்புக்குப் போன இடத்தில் டாக்டரம்மா, சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். தினமும் நடக்க வேண்டும், ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும். இப்போது கட்டுக்குள் வைக்காவிட்டால் பிள்ளை வளர்ந்த பிறகு அதற்கும் எடை, சர்க்கரை என்று தொல்லை வரலாம் என்றார். ஊரிலிருந்து மாமியாரோ போனில், கட்டிலை விட்டு இறங்காதே என்கிறார். குழம்பிப்போய், கண்ணைத் துடைத்துக்கொண்டே உப்பு வாங்கக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டார். அவ்வளவுதான், என் கர்ப்பத்தின் நிர்வாகம் அவர் கைக்குப் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் படியடியில் நின்று இருமினார். தெருநாய்களைக் குடையால் விரட்டிக்கொண்டு அவர் முன்னால், நான் நடுவில், அவர் மனைவி பின்னால். சாமி புறப்பாடு தோற்றது. எதிரே வரும் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, “தீரே ஜாவ் பையா, பச்சா ஹை”, மெதுவாகப் போப்பா, குழந்தை இருக்கிறது என்பார். டிரைவர் பாவம், பச்சா எங்கே என்று சக்கரத்துக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடுவான்.

தூக்கம் இதைவிடப் பெரிய கூத்து. விளக்கு வைத்ததும் என் போனைப் பிடுங்கிக் கல்லாப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். கணவர் கூப்பிட்டால் அவரே எடுத்து, தங்கச்சி தூங்குகிறது, காலையில் பேசும் என்று வைத்துவிடுவார். எதிர்வீட்டு பெங்காலிக்காரர் ஹார்மோனியம் வாசிப்பவர். அண்ணாச்சி போய் இந்தியில் சண்டை பிடித்ததில், அந்த மனிதர் பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். இதெல்லாம் முடிந்து நான் கண்ணயர்ந்ததும் கீழேயிருந்து, “தாயி, தூங்கிட்டியா?” என்று ஒரு குரல் வரும். நான் எழுந்து உட்கார்ந்து, தூங்கிவிட்டேன் என்று பதில் சொல்லிவிட்டு மறுபடி படுப்பேன்.

அடுத்த சோதனை வந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். என் போன் கல்லாவுக்குள் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அண்ணாச்சி மனைவி கொடுத்த இட்லியைக் கடையில் வைத்தே சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன், மணி ஒன்பது. இருந்த பதற்றத்தில் ஒரு மணி கழிக்க மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒன்பது என்றுதான் சொன்னேன். அவர்கள் தங்கள் கடிகாரத்தில் பதினொன்று அடித்ததும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் பிரமாதம்.

அண்ணாச்சி தெரு முழுக்க லட்டு கொடுத்தார். கொடுத்துக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

“தாயி, ஆஸ்பத்திரியில ஒம்பதுன்னு சொன்னேன்னியே, அது எந்த ஒம்பது?”

“உங்க கடையில பாத்ததுதான் அண்ணாச்சி.”

லட்டுத் தட்டோடு அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ ரெண்டு மணி நேரம் இல்ல, மூணு மணி நேரம்லா ஆயிருக்கு. சர்க்கரை அதுக்குள்ள எறங்கியிருக்கும். இது செல்லாது தாயி.” லட்டுத் தட்டைக் கீழே வைத்தார். “நான் வாயை மூடிட்டு இருந்தா ஒனக்குத் தெரியாது. வயித்துல இருக்க பிள்ளைக்குத் தெரிஞ்சிரும்லா.”

எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினார். லட்டு தின்றுகொண்டிருந்த தெருவே பார்க்க, முள்ளைத் திருகி டில்லிக்காரன் மணிக்கு வைத்தார். பின்னே, சும்மா விடுவார்களா? சிரித்தார்கள், விசிலடித்தார்கள். தெலுங்கு மாஸ்டர், மிச்ச லட்டைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டார். அண்ணாச்சி கடிகாரத்தை மறுபடி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் மறுபடி சாப்பிட்டு, மறுபடி ரத்தம் கொடுத்தேன். நர்ஸிடம் மணி சரிதானா என்று கேட்டுக் கேட்டு அண்ணாச்சி திட்டு வாங்கிக்கொண்டார். டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துவிட்டு, கட்டுக்குள்தான் இருக்கிறது, இப்படியே நடங்க, தூங்குங்க என்றார். எனக்கு உயிர் வந்தது. அண்ணாச்சி இந்த முறை லட்டு வாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படு என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. வாசலில் அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. ஓடினால் பிடிக்க முடியாது, படுத்தால் இடி இடித்தாலும் எழமாட்டாள். டாக்டரம்மாவின் யோசனை, என் நடை, என் தூக்கம் என்று காரணம் எத்தனையோ சொல்லலாம். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அவளுக்காக ஒரு மனிதர் ஊர் சிரிக்கத் தன் பிடிவாதத்தை விட்டுக்கொடுத்தார். பெற்ற அப்பா செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அழுகை வந்திருக்காது.