நெபுலாவுக்குப் போட்ட மெருகு

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். ஆறு நாளும் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, அதுலயா?" என்று வருகிறவர்களைக் கேட்பார். ஏழாம் நாள் என்னைக் கேட்பார்.

எங்களுக்கு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சின்ன அறை. சின்ன அறையில் அவருடைய கம்ப்யூட்டர், டெலஸ்கோப், முக்காலி, வயர்கள் எல்லாம் சௌகரியமாகக் குடியிருக்கின்றன. ஒன்றரை வயதுப் பாப்பா வாஷிங் மெஷின் பக்கத்தில் குடியிருக்கிறாள். மெஷின் துணி பிழியும்போது தொட்டிலும் சேர்ந்து ஆடும். அது நின்றதும் இவள் ஆரம்பிப்பாள்.

"பாப்பாவுக்கு அந்த ரூமை விடுங்களேன்" என்று ஆறு மாதமாகச் சொல்கிறேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதனால் அவருக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே சபதம் போட்டார்.

"இங்க பாரு. எங்க வானியல் சங்கத்துக் கண்காட்சிக்கு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள படம் அனுப்பணும். என் நெபுலாவை எடுத்துக்கிட்டாங்கன்னா ரூம் எனக்கு. அப்புறம் யாரும் வாயத் திறக்கக் கூடாது. எடுத்துக்கலைன்னா ரூம் பாப்பாவுக்கு. சரியா?"

"சரிங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"அதான் சரின்னேனே."

நெபுலா என்றால் நட்சத்திரங்களுக்கு நடுவே தொங்கும் வாயு மேகம். மொட்டைமாடியில் பதினோரு ராத்திரி நின்று அதை நூற்று முப்பது படம் எடுத்திருந்தார். போதாதென்று, லென்ஸ் மூடியைப் போட்டு வெறும் இருட்டையும் முப்பது படம். கேமரா தானாகப் போடும் புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கழிக்கவாம். அதற்கும் மாடிக் குளிர் இருக்க வேண்டும் என்று கேமராவை என் ஃபிரிட்ஜுக்குள் தக்காளிக்கு மேலே படுக்க வைத்தார்.

"கதவைத் திறக்காத. உள்ள இருட்டைப் படம் எடுத்துக்கிட்டிருக்கேன்."

அன்றைக்குப் பாப்பாவுக்குப் பால் எதிர் வீட்டில் வாங்கினேன்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கித் தந்தது. போய்ப் பார்த்தேன்.

"கறுப்பா இருக்கேங்க."

"எல்லாம் உள்ளதான் இருக்கு. வெளிச்சத்தை இழுக்கணும்."

இழுத்தார். பத்து மணிக்கு அது வந்தது. கறுப்புக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒரு புகை. பாப்பா கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அவ்வளவு மெல்லிசு. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. ரூம் போச்சு என்று நினைத்தேன்.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்குங்க. அந்த ஓரந்தான் கொஞ்சம் மங்கலா..."

சத்தியமாகத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"மங்கலா? எங்க?"

பதினோரு மணிக்கு ஓரம் கத்தரித்து ஒட்டினது போல நின்றது.

"இப்ப?"

"இப்பத் தெளிவா இருக்குங்க. நடுவுலதான் பொடிப்பொடியா, மணல் மாதிரி."

"அதுவா, அழிச்சிடலாம்."

அழித்தார். மத்தியானம் பார்த்தால் நெபுலாவை இஸ்திரி போட்டு மடித்து வைத்தது போல இருந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இனிமேல் நான் கெஞ்ச வேண்டாம், அழ வேண்டாம். டீயோடு போய்ப் பின்னால் நின்றால் போதும்.

"சிவப்பு கம்மியோ?" என்றேன் மெதுவாக.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் இந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். மூன்று மணிக்குப் படம், சாயம் போகிற துணியை ஊறவைத்த வாளி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் பேசவே இல்லை. கதவோரம் நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தேன், அவ்வளவுதான்.

"புரியுது, புரியுது. நட்சத்திரமெல்லாம் பெருசா இருக்கு, அதானே?"

எல்லாவற்றையும் சிறிதாக்கினார். அதில் பாதி நட்சத்திரங்கள் வேலையை விட்டே போய்விட்டன.

ஐந்து மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார். சோம்பல் முறித்தார்.

"காலைல எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு, பாத்தியா?"

"பாத்தேங்க."

புதன்கிழமை சங்கத் தலைவரிடமிருந்து பதில் வந்தது. "மெருகு பிரமாதம். மெருகுக்கு அடியில் நெபுலாவைத் தேடினோம், கிடைக்கவில்லை. அடுத்த வருடம் முயற்சி செய்யவும்."

சொன்ன சொல் தவறாதவர், அதில் குறை சொல்லக் கூடாது. அன்று சாயங்காலமே மேஜையை ஹால் மூலைக்கு அவரே இழுத்துப் போட்டார். தொட்டில் உள்ளே போனது. பாப்பா மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினாள்.

அவர் மூலையில் உட்கார்ந்து பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றில் நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க வா. இது பத்து மணிக்கு வந்தது. இதுவே நல்லாத்தானே இருக்கு?"

"ஆமாங்க. இதுதான் நல்லா இருந்துச்சு."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அனுப்பியிருப்பீங்களே."