பிளாஸ்திரி ஒட்டிய ஐந்து கியாட் சாவி

வாடிக்கையாளரின் பெயரையே கேட்காத ரகசிய வங்கி ஒன்றில் நான் பணம் எடுத்திருக்கிறேன். அது சுவிட்சர்லாந்தில் இல்லை. பர்மாவின் யாங்கோனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம், தாம்புக்கயிறும் ஆணியும் விற்கும் ஒரு கடை. அங்கே நான் அடித்த கூத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை (வீட்டில் மற்றவர்கள் சொல்லிவிடுவதால் எனக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை).

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. அதே நகரின் பசுந்தாங் பகுதியில் எங்கள் தெருமுனையில் இருந்த வாடகைப் புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ஒரு பத்திரிகையில் சுவிஸ் வங்கிகளைப் பற்றிப் படித்தேன். கணக்குக்குப் பெயர் கிடையாதாம், வெறும் எண்தானாம். ஒரு சாவி உண்டாம். எண்ணும் சாவியும் கொண்டுவருகிறவன்தான் உடைமைக்காரன். ராஜாவே ஆனாலும் வெறுங்கையோடு வந்தால் அப்படியே திரும்ப வேண்டியதுதானாம். படித்துவிட்டு வாயைப் பிளந்தவன் ஒரு வாரம் மூடவில்லை. சாப்பாட்டு வேளையில் வீட்டாரைப் பிடித்துப் பிரசங்கம் செய்தேன். வாப்பா மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் உம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்தது. என்னைத் தம்பி என்று நினைத்து இரண்டு முறை அடித்தும் விட்டார். நான் சொல்லவரும் நாளுக்கு மறுநாள் அறுவைக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டும். தவறினால் இன்னும் மூன்று மாதம் ஆகும். பணம் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காக்காவிடமிருந்து (அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) உண்டியலில் வந்திருந்தது. உண்டியல் என்றால் வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் தெரியாமல் ஒரு கடையில் கொடுத்து இன்னொரு கடையில் வாங்குவது.

அன்று மதியம் வாப்பா ஒரு ஐந்து கியாட் நோட்டை (பர்மாவில் அது சில்லறைக் காசு) என்னிடம் கொடுத்தார். "இதைக் கயித்துக் கடைச் சாகுல் மாமுகிட்டக் குடு. ஒரு பொட்டலம் தருவாரு. வேற ஒண்ணும் பேசாதே" என்றார். விளக்கம் சொன்னால் தேநீர்க் கடை முழுக்கப் பரப்பிவிடுவேன் என்று அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த நோட்டு இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். நடுவில் கிழிந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் முதுகில் ஒட்டுப் போட்டு, வெற்றிலைக் கறையோடு இருந்தது. பேருந்தில் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மானம் போனது. இது ஏதோ மரியாதைக்காகக் கொடுக்கும் காணிக்கை என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்கும் மடாலயத்துக்கும் கொடுப்பதென்றால் மடிப்புக் கலையாத புது நோட்டுதான். அதற்கென்றே சந்தை வாசலில் கிழிந்த நோட்டை வாங்கிக்கொண்டு, சிறு கழிவு பிடித்துப் புது நோட்டுத் தரும் ஆட்கள் உண்டு. க்யிம்யிண்டைங் சந்தை வாசலில் இருந்தவர் டோ டின் என்ற பர்மியப் பெண்மணி. கைக்காசு போட்டு நோட்டை மாற்றிக்கொண்டேன். வாப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு கடைக்குள் நுழைந்தேன்.

சாகுல் மாமு சலாம் சொல்லி, தேநீர் வரவழைத்து, உம்மாவின் கண்ணைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். நான் இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கி, பணிவாக நோட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு நோட்டின் எண்ணைப் பார்த்தார். மேசைக்குள் ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த நோட்டுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை, தம்பி."

"மாமு, நாந்தான் நூருல்."

"நூருலைத் தெரியும். நோட்டைத்தான் தெரியலை."

நோட்டின் எண்ணை வாப்பா முன்பே காக்காவுக்குச் சொல்லி, காக்கா அங்கே சொல்லி, அங்கிருந்து அது இந்தக் கடைக்கு வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அழுக்கு நோட்டுதான் சாவி. ஒரு வாரம் ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன், சாவி கைக்கு வந்ததும் கழிவு கொடுத்து மாற்றியிருக்கிறேன்! (யாரும் எடுத்துச் செலவழிக்கக் கூடாதென்றே இருப்பதில் மோசமான நோட்டாகப் பொறுக்கினாராம் வாப்பா.)

டோ டின்னிடம் ஓடினேன். அவருடைய கூடையில் நூற்றுக்கணக்கில் கிழிந்த நோட்டுகள். பாதிக்கு மேல் பிளாஸ்திரி. எண்ணோ எனக்குத் தெரியாது; வீட்டில் தொலைபேசியும் கிடையாது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கூடையைக் கவிழ்த்து, தேடும்போதே நூறு நூறாக அடுக்கியும் கொடுத்துவிடு என்றார். நடைபாதையில் உட்கார்ந்து அடுக்கினேன். உம்மா இன்னும் மூன்று மாதம் சுவரைத் தடவித்தான் நடக்க வேண்டும் என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழுதுகொண்டே அடுக்கினேன். வெற்றிலைக் கறையுள்ள ஒன்றைக் கொண்டு ஓடினேன். மாமு பார்த்தார், தலையை ஆட்டினார். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதற்கு எனக்கு இன்னொரு தேநீர் வந்தது. பணம் வரவில்லை.

நான்காவது நோட்டை அவர் பார்த்தபோது மணி நாலேகால். அதை மேசைக்குள் போட்டுக்கொண்டார், அதுதான் ரசீதாம். சணலால் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். கையெழுத்து இல்லை, கேள்வி இல்லை, இரும்புக் கதவும் இல்லை. கடல் தாண்டி வந்த பணத்தை ஒரு கயிற்றுக் கடைக்காரர் எனக்கே, என்னிடமிருந்தே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த மலைப்பு எனக்கு இன்றும் தீரவில்லை. வாடகைக் காரில் பறந்து, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பணத்தைக் கட்டினேன்.

ஆறு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைத் தங்கச் சங்கிலியால் வழிமறித்துக் காசு கேட்பது பர்மிய வழக்கம்; எங்கள் கல்யாணங்களிலும் அது எப்போதோ புகுந்துவிட்டது. என் மச்சான்மார் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, காசு வேண்டாம், நீதான் மாப்பிள்ளை என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார்கள். நான் கூட்டத்தில் நின்ற சாகுல் மாமுவைக் கெஞ்சலாகப் பார்த்தேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நோட்டு இருக்கா?" என்றார்.

பந்தல் முழுக்கச் சிரித்தது. எங்கள் வீட்டில் இன்றுவரை நான் எதைக் கேட்டாலும், என் பிள்ளைகள் உட்பட எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அன்று பந்தலின் அந்தக் கோடியில் நின்றபடி, என் முகம் போன போக்கை ஒன்றுவிடாமல் பார்த்து, எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் உம்மா.