நூற்றில் முப்பது

நூறு பேரில் முப்பது. இவர் ஏன் அந்த முப்பதில் இருக்க வேண்டும்? மீதி எழுபதில் இருந்துவிட்டால் என்ன? ரசத்துக்குப் புளி கரைத்தபடி கமலவேணி மனத்துக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த நாலாம் வருஷம். காஜா பெராங் கிளினிக்கின் புது டாக்டர் அவளையும் அவள் கணவரையும் சோதித்து, வயது, எடை, ரத்த அழுத்தம் எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். முடிவைக் கேட்டுவரப் போன கணவர், ஆபீஸ் கிராணி சேதுராமன், வெளுத்த முகத்தோடு திரும்பினார்.

"இப்படி இருக்கிற நூறு பேர்ல முப்பது பேருக்குப் பத்து வருஷத்துல மாரடைப்பு வருமாம். நெய், தேங்காப்பால் கூடாது. தினம் நடக்கணும்."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் நோய் என்றால் அவருக்குத்தான். அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை.

அன்றே அவருடைய சிகரெட் டின் கிணற்றுக்குள் போனது.

"டாக்டர் சிகரெட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலையே, கமலம்!"

"நான் சொல்றேன்."

மறுநாள் அவருக்குக் கஞ்சி. "நீயும் இதையே குடியேன்," என்றார் கெஞ்சலாக.

"பத்தியம் உங்களுக்கு. எனக்கெதுக்கு?"

உருக்கிய நெய் வீணாகுமே என்று அவர் பங்கையும் அவளே சாப்பிட்டாள். தேங்காப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறும் அப்படியே.

"கிளேபாங் கடற்கரை வரைக்கும் நடக்கலாம், வா."

"நீங்க போங்க. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

அவர் இளைக்க இளைக்க அவளுக்குக் கவலை. கவலை வந்தால் அவளுக்குப் பசிக்கும். ரவிக்கைகள் இறுகின. துவைத்ததில் சுருங்கிவிட்டன என்று நம்பினாள்.

மூன்று மாதம் கழித்து அவளே அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். டாக்டருக்கு உதவும் டிரெசர் அப்பாசாமி எடை பார்க்கும் மிஷினைத் துடைத்துவிட்டு அவளை அழைத்தார்.

"நான் இல்ல. அவர ஏத்துங்க."

அப்பாசாமி அட்டையைப் புரட்டினார். "ஐயாவுக்குத்தான் அன்னைக்கே ஒண்ணுமில்லையே! அந்த முப்பது உங்க கணக்கும்மா. சொன்னா பயந்துடுவீங்க, தான் பத்தியம் இருந்தா நீங்களும் கூடவே இருப்பீங்கன்னு ஐயாதான் சொல்ல வேணாம்னாரு."

சேதுராமன் நழுவும் கால்சட்டையைக் கையில் பிடித்தபடி சுவர்க் காலண்டரை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். அவளுக்காக ஒரு மனிதர் மூன்று மாதம் கஞ்சி குடித்திருக்கிறார். அந்த நெய்யெல்லாம் எங்கே போயிற்று என்பது இந்த மிஷினுக்குத் தெரிந்துவிடும்.

"ஏறுங்கம்மா."

கழற்றிய செருப்பைக் கமலவேணி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இப்ப வேணாம்," என்றாள் மெதுவாக. "கிளேபாங் வரைக்கும் நடந்துட்டு வந்து ஏறுறேன்."