மூன்றாவது ஸ்டே கம்பி

விர்ஜில் பக்கத்து வீட்டு ஆர்லோவுக்குத் தரவேண்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர். ஆர்லோவின் பழைய ரேடியோ டவரை வாங்கிய கடன். டவர் வந்துவிட்டது. ஆன்டெனா வாங்கக் காசில்லை.

"டவரை இழுத்துக் கட்டியிருக்கற ஸ்டே கம்பி போதும். அதுலயே பேசுவேன்," என்றான் விர்ஜில்.

ஆர்லோவும் வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசுகிறவன்தான். சிரித்தான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அதுல நியூசிலாந்தோட பேசிடு, கடனே வேணாம். இல்லேன்னா டவரைக் கழட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

விர்ஜில் முதல் கம்பியில் ரேடியோவை இணைத்துக் கூப்பிட்டான். பதிலில்லை. எதிரே ஆர்லோவின் கார் ஷெட்டின் ரிமோட் கதவு தானாக மேலே போனது.

"காத்தா இருக்குமோ?"

"நீ வாயைத் திறந்தா அவங்க கதவும் திறக்குதுய்யா!" என்றாள் மனைவி ஃபெர்ன்.

இரண்டாவது கம்பிக்கு மாற்றினான். கதவு அசையவில்லை. ஆர்லோவின் மனைவி ட்ரூடிதான் ஓடிவந்தாள்.

"விர்ஜில்! என் கரண்ட் அடுப்பு தானா எரியுது! கேக்கு கரியாப் போச்சு!"

ஞாயிறு காலை விர்ஜில் மூன்றாவது கம்பியில் மாட்டி, பவரையும் கூட்டித் தொண்டை கிழியக் கத்தினான். ஷெட் கதவு கீழே வந்து ஆர்லோவின் வண்டி முதுகில் உட்கார்ந்தது.

மதியம் ஃபெர்ன் சர்ச்சிலிருந்து வந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஜெபத்து நடுவுல ஸ்பீக்கர் பேசுச்சு. 'யாராவது கேக்கறீங்களா? பதில் சொல்லுங்க'ன்னு. கடவுள்னு நெனச்சு பாதி சபை மண்டி போட்டுடுச்சு. எனக்கு மட்டுந்தான் குரல் யாருதுன்னு தெரிஞ்சுது. வெக்கத்துல நானும் மண்டி போட்டுட்டேன்."

"நியூசிலாந்துக்குக் கேட்டுச்சா?"

"போய்யா!"

பொழுது சாயும் நேரம் ரேடியோ கரகரத்தது. மூக்கால் பேசும் குரல்.

"நியூசிலாந்துலேருந்து பேசறேன். ரொம்பத் தெளிவாக் கேக்குது. போதும், நிறுத்திக்கலாம்."

குரலுக்குப் பின்னால் நாய் ஒன்று குரைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஆர்லோவின் நாயும் குரைத்தது. உலகம் பூராவும் நாய்க்கு ஒரே பாஷைதான் போல என்று விர்ஜில் நினைத்துக்கொண்டான்.

ஓடிப்போய்ச் சொன்னான். ஆர்லோ சாட்சிகூடக் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கடன் தீந்துச்சு. டவர் உன்னுது. அந்தக் கம்பில மட்டும் இனிமே பேசாதே சாமி."

"சரி. உன் மூக்கு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"சளி."

கொல்லையிலிருந்து ட்ரூடி கத்தினாள்: "ஏய் நியூசிலாந்து! மூக்குல மாட்டியிருந்த துணி கிளிப்பைக் கொண்டா, கொடியில சட்டை பறக்குது!"