நாற்பது பச்சைக் குல்லா

அன்புள்ள மூஸா மச்சான் அவர்களுக்கு, வலங்கைமானிலிருந்து உங்கள் தங்கை மாப்பிள்ளை அன்சார் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கோத்தகிரியில் தாங்களும் பிள்ளைகளும் குளிரிலும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே ஹலீமா நலம், ஆடு நலம், நெல்லும் நலம். என் நிலைமையை மட்டும் கீழே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அடுப்படியில் மிக்ஸி ஓடும்போதுகூட நான் வாசலில் பேசுவது உங்கள் தங்கைக்குக் கேட்கும். என் வாட்ஸ்அப்பையும் எனக்கு முன்னால் அவள்தான் படிக்கிறாள். ஆகவே கடிதம்.

உங்கள் ஊர் முதியோர் இல்லத்துக்குக் கம்பளிக் குல்லா வேண்டும் என்று ஐப்பசியில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அன்றிலிருந்து மூன்று மாதம் எங்கள் வீட்டில் சோறு உண்டு, குழம்பு சந்தேகம். ஹலீமா யூடியூபைப் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டாள். அளவு பார்க்க என் தலை. பஞ்சு பறக்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவாள். வியர்வை வழிய உட்கார்ந்துகொண்டு, "நெத்தியை அமுக்குதே" என்றால், "உங்க தலைதான் பெருசு, அங்க இருக்கிறவங்களுக்கெல்லாம் அளவான தலையாத்தான் இருக்கும்" என்பாள். பின்னி முடித்தபோது அவள் ஆள்காட்டி விரல் வீங்கியிருந்தது.

பொங்கலுக்கு மறுநாள் நாற்பது பச்சைக் குல்லாவை ஒரு பையில் போட்டு, "நெல்லுப் போடப் போற வழியில கொரியர்ல கொடுத்துட்டுப் போங்க" என்றாள். கொரியர் கடை பூட்டிக் கிடந்தது. பையைத் தூக்கிக்கொண்டே கொள்முதல் நிலையம் போனேன். அங்கே எனக்கு முன்னால் முப்பது பேர் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் மூடிக் காவல் கிடந்தார்கள். நானும் கிடந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை, பனி என்றால் அப்படியொரு பனி. பக்கத்துக் குவியல் ரெத்தினம் அண்ணன் தலையில் கட்டிய துண்டைப் பிழிந்து, மறுபடி கட்டிக்கொண்டு இருமுகிறார், இருமுகிறார், நிறுத்தவே இல்லை. கையில் நாற்பது குல்லாவை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் அதை எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பான், சொல்லுங்கள் மச்சான். "விடிஞ்சதும் கொடுத்துடணும்ண்ணே" என்று ஒன்றை எடுத்து மாட்டிவிட்டேன்.

அதோடு போயிருக்கும். எதிர்க் குவியல் செவ்வந்தி எழுந்து வந்து, "அவருக்கு மட்டுந்தான் தலையா? நாங்கல்லாம் கழுத்தோட நிக்கிறமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குக் கொடுத்தால் அடுத்த குவியல், அதற்குக் கொடுத்தால் மூட்டை தூக்குகிறவர்கள். ஈரப்பதம் பார்க்க வந்த எழுத்தர் கருவியை நெல்லுக்குள் விட்டுவிட்டுக் கண்ணை என் பைக்குள் விட்டார். அவருக்கும் ஒன்று. வெயில் ஏறியபோது களம் முழுக்கப் பச்சைத் தலைகள். பெயரைக் கூப்பிட்டால் வருவது யார் என்று எழுத்தருக்கே தெரியவில்லை. பையில் ஒன்றும் மிச்சமில்லை.

திருப்பிக் கேட்காமல் இல்லை, வீடு வீடாகப் போனேன். ரெத்தினம் அண்ணன் வீட்டில் வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். சுருங்கிப்போன அதை இனித் தேங்காய்க்குப் போடலாம், தலைக்கு ஆகாது. இன்னொன்று ஆட்டுக்குட்டிக்குச் சட்டையாகிவிட்டது. செவ்வந்தி குல்லாவைக் கழற்றாமலே, "நல்ல மனசோட கொடுத்தீங்க, கேட்டுக் கெடுத்துக்காதீங்க" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஹலீமா தினமும் காலையில், "மூஸா நானா இன்னும் போன் பண்ணலையே, பார்சல் எங்க நிக்குது?" என்கிறாள். சேலம் என்றேன், ஈரோடு என்றேன், நேற்று மேட்டுப்பாளையம் வரை கொண்டுவந்துவிட்டேன். இனி மலை மட்டுந்தான் பாக்கி. மச்சான், அவளிடம் பொய் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்லத் தைரியமும் இல்லை. அந்த வீங்கிய விரலுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? தயவுசெய்து உங்கள் ஊரிலேயே நாற்பது பச்சைக் குல்லா வாங்கி, இல்லத்துப் பெரியவர்களுக்கு மாட்டி, "வந்து சேர்ந்தது" என்று அவளுக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். பின்னல் தெரியாத தூரத்திலிருந்து எடுக்கவும். புது அரிசி ஒரு மூட்டை நானே கொண்டுவந்து தருகிறேன்.

பெரியவர்களுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. படித்ததும் இதைக் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள அன்சார்

பி.கு.: மூஸா நானா, நான் ஹலீமா. சட்டையைத் துவைக்க எடுத்தேன், பையில இது இருந்துச்சு. உங்க இல்லத்துக்குப் பின்னின நாப்பதும் மார்கழியிலேயே உங்ககிட்ட வந்துடுச்சு, போட்டோவும் அனுப்பிட்டீங்க. இவர்கிட்ட ஏன் சொல்லக்கூடாதுன்னு அப்பக் கேட்டீங்கல்ல, இதுக்குத்தான். வருஷா வருஷம் நெல்லுப் போடப் போனா போர்வை, பிளாஸ்க் எல்லாத்தையும் யாருக்காவது கொடுத்துட்டு வந்து, தொலைஞ்சு போச்சும்பார். அதான் இந்த வருஷம் களத்துக்குன்னே தனியா நாப்பது பின்னினேன். மொத்தம் எண்பது, இவர் எண்ணிப் பார்க்கலை. நேரா கொடுங்கன்னா கூச்சப்படுவார். கொரியர் கடை பூட்டியிருக்கிற நாளாப் பார்த்துப் பையைக் கையில கொடுத்தேன். நீங்க எதுவும் வாங்கிடாதீங்க. வந்து சேர்ந்துச்சுன்னு இவருக்கு இப்பவே போனும் பண்ணிடாதீங்க. நாலு நாளா நான் கேட்காமலே பாத்திரம் கழுவித் தர்றார்.