மழைமானிக்குக் கவசம்

உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், மூடநம்பிக்கையை ஒழித்து விஞ்ஞான முறைப்படி ஏரி மதகைத் திறக்கும் பொருட்டு, தானியங்கி மழைமானி ஒன்று ராகுகாலம் கழித்து நிறுவப்பட்டது. ஆக்கிரமிக்கப்படாத புறம்போக்கு நிலம் அம்மன் கோயில் வாசல் மட்டுமே என்பதால், அங்கே. பொறியாளர் புருஷோத்தமன் தேங்காய் உடைத்து, கருவிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, "இதைத் தெய்வம் மாதிரி பார்த்துக்கணும்" என்று உரையாற்றினார்.

அரசாங்கம் சொல்லி அந்த ஊர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மழை வரவில்லை. செங்கேணி குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட நெல், பால் பிடிக்கும் நேரத்தில் வாடியது. அது போனால் அந்த வருஷம் அடுப்பு எரியாது. மழைசாமி கண் திறக்கட்டும் என்று, போர்த் தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்து மழைமானியின் தலையில் ஊற்றினாள். பூசாரி முனியன் பம்பை அடித்தார். மறுநாள் ஊரே குடத்தோடு வந்தது.

அலுவலகக் கணினியில் ஊர் வெள்ளத்தில் மிதந்தது. மதகைத் திறக்கத் தடை விதிக்கப்பட்டது. மீட்புப் படகு ஒன்று புழுதி பறக்க லாரியில் வந்து, இறக்க இடம் தெரியாமல் திரும்பியது.

செங்கேணி பொறியாளர் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், நெல்லு காஞ்சி கயினி வெடிச்சி கீது. மதகத் தொறங்க."

"உங்க ஊர்ல இடுப்பளவு தண்ணின்னு மிஷின் சொல்லுதே."

"நான் நடந்துதானே சார் வந்தேன்?"

"அது உன் அபிப்பிராயம்மா. இது விஞ்ஞானம்."

"ஐய, அது நாங்க ஊத்தன அபிஷேகத் தண்ணி சார்!"

"அப்ப நிறுத்துங்க."

"நடுவுல வுட்டா தெய்வ குத்தம்னு முனியன் சொல்றாரு."

"ஆமா, குத்தம்தான்" என்று பொறியாளர் அவசரமாக ஒப்புக்கொண்டார்.

மதமும் விஞ்ஞானமும் மனம் கோணாத தீர்வு ஒன்று காணப்பட்டது. மழைமானிக்குப் பித்தளைக் கவசம். ஊற்றுவதைக் கவசம் வாங்கிக்கொள்ளும். சாத்திய அன்றே கணினியில் மழை பூஜ்ஜியம் ஆனது, மதகு திறந்தது, செங்கேணியின் பயிர் நிமிர்ந்தது. ஊருக்கே கூழ் ஊற்றினாள்.

அந்த வாரமே புயல் மழை பிடித்துக்கொண்டது. மதகை யாரும் மூடவில்லை. செங்கேணி சொட்டச் சொட்ட நனைந்து போய் நின்றாள்.

"சார், மதக மூடுங்க! பயிரு முங்கிக்கினு கீது!"

புருஷோத்தமன் ரெயின்கோட்டை உதறி ஆணியில் மாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். "பொட்டு மழை இல்லையேம்மா. உங்க ஊரை வறட்சின்னு அறிவிக்கப் போறோம்."

"ஜன்னலாண்ட வந்து பாருங்க சார்!"

"ஜன்னலுக்கு அங்கீகாரம் கிடையாது."

"அப்ப அந்தக் கவசத்த வந்து கய்ட்டுங்க."

"சாத்தின கவசத்தை நானா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. நீ வேணா எடு."

செங்கேணி கொட்டும் மழையில் திரும்பி ஓடினாள். வரப்பே தெரியவில்லை. கதிர் நுனி மட்டும் தெரிந்தது. கோயில் வாசலுக்குப் போய்க் கவசத்தை நோக்கிக் கையை நீட்டினாள். மாலையும் பொட்டுமாக அது அவளையே பார்த்தது. நீட்டிய கை திரும்பி வந்து அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"கும்புட்டாச்சின்னா நவுரும்மா" என்றார் முனியன், குடைக்குள்ளிருந்து.

அவளுக்குப் பின்னால், மழையை நிறுத்தச் சொல்லி, ஊரே முழங்கால் தண்ணீரில் குடத்தோடு வரிசையில் நின்றது.