குதிரைமேல் வில்லுக்கு வழி சொல்பவர்

இவரை உங்களுக்குத் தெரியும். ஊரும் தொப்பியும் வேறாக இருக்கலாம், ஆனால் தெரியும். நீங்கள் இருபது வருடமாக ஒழுங்காகச் செய்துவரும் ஒரு வேலையை அன்றைக்கும் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இப்படியா செய்றீங்க?" என்று கேட்பாரே, அவரேதான். கீழே ஊர்களில் அவர் பல வேஷங்களில் திரிகிறார். செப்டம்பரில் எங்கள் மொன்டானா மலைக்கு ஏறி வரும்போது மட்டும் அவருக்கு ஒரே வேஷம். குதிரைமேல் போகும்போது வேட்டை வில்லைப் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி என்று சொல்லித் தருபவர்.

நான் மார்லிஸ் ட்வீட் நடத்தும் வேட்டை முகாமில் சமையல்காரன். பதினெட்டு வருடமாக எல்க் மான் வேட்டைக்கு வருகிறவர்களுக்குப் பன்றி இறைச்சியும் பீன்ஸும் காபியும் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு பேர் வந்தால் அதில் ஒருவர் இவராக இருப்பார். ஏழு பேர் வந்தால் இரண்டு.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மாற்றுத் துணியைவிடப் பட்டைகள் அதிகம் கொண்டுவந்திருப்பார். பட்டை, கொக்கி, வளையம், ரப்பர் துண்டு, அந்த ரப்பர் துண்டைத் தொலைத்துவிட்டால் மாற்று ரப்பர் துண்டு. பேச்சை "எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா" என்று ஆரம்பிப்பார். அவருக்கு ஒரு நண்பர் உண்டு. அந்த நண்பருக்கு ஒரு நண்பர். அந்த இரண்டாமவர் குதிரையிலிருந்து தன் அம்புமேலேயே விழுந்தாராம். காலைக் காபியின்போது அம்பு தொடையில் குத்தியிருக்கும். மதியம் வயிற்றில். சாயங்கால பீன்ஸ் வருவதற்குள் மனிதர் செத்தே போயிருப்பார்.

எங்கள் மார்லிஸின் முறை ரொம்பச் சின்னது. வில் பெட்டிக்குள், பெட்டி கோவேறு கழுதைமேல், ஆள் குதிரைமேல். அம்புகள் தனிக் குழாயில், அதுவும் கழுதைமேல். குதிரைமேல் புதிதாக எதையாவது கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் அதைக் குதிரையின் மூக்குக்கு நேரே நீட்டி, முகர விட்டு, பக்கத்தில் நின்று ஆட்டி, சத்தம் எழுப்பி, குதிரை அலுத்துப்போய் கொட்டாவி விடும்வரை காட்ட வேண்டும். கொட்டாவி வராவிட்டால் கட்டக்கூடாது. இவ்வளவுதான். இதில் மேதைமைக்கு எங்கே இடம்?

போன வருடம் வந்தவர் பெயர் கார்லண்ட் ப்ரூயிட். ஒஹாயோவில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சேணத்தின் பக்கவாட்டில் வில்லை அப்படியே திறந்தபடி தொங்கவிட, தன் கார் ஷெட்டில் உட்கார்ந்து தானே ஒரு பட்டை தைத்திருந்தார். ஏழாவது மாடலாம். முதல் ஆறு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவரிடம் மாட்டியவர் லானி சோரன்சன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். வேட்டை அனுமதிச் சீட்டுக் குலுக்கலில் பதினோரு வருடம் பெயர் கொடுத்து, பதினோராவது வருடம்தான் அவருக்குச் சீட்டு விழுந்திருந்தது. தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, உரக்கப் பேசுகிறவர் சொல்வதெல்லாம் சரி என்று நம்புவார்.

"பெட்டிக்குள்ள வெச்சிருக்கும்போது மான் எதிர்ல வந்து நின்னா என்ன பண்ணுவீங்க லானி? கழுதையைக் கூப்பிட்டு, 'கொஞ்சம் திறந்து குடும்மா'ன்னு கேப்பீங்களா?"

லானி மார்லிஸைப் பார்த்தார்.

"மான் வந்தா வரட்டும், அது பாட்டுக்குப் போகட்டும்," என்றாள் மார்லிஸ். "நாளைக்கு இன்னொண்ணு வரும். இதைக் குதிரைக்குக் காட்டினீங்களா நீங்க?"

"குதிரைக்கு எதுக்குங்க காட்டணும்? அதா அம்பு விடப்போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மார்லிஸ் பெட்டியைக் கழுதைமேல் ஏற்றி இறுக்கிக் கட்டினாள்.

பாதி மலையில், ஓடையருகே நின்றோம். மார்லிஸ் முன்னால் ஒரு சுமையைச் சரிசெய்யப் போயிருந்தாள். அந்த ஐந்து நிமிடத்தில் கார்லண்ட், லானி தலையாட்டிக்கொண்டு நிற்க, அவருடைய வில்லைப் பெட்டியிலிருந்து எடுத்து, லானி ஏறிவந்த பிஸ்கட் என்ற குதிரையின் சேணத்தில் ஏழாவது மாடலால் கட்டிவிட்டார். கடைசிக் குதிரையில் இருந்த நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? அந்த மனிதர் மூக்கறுபட்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை. அது லானியின் வில் என்பது அப்போது மனசில் படவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மரங்கள் முடிந்து மலைமுகடு வந்தது. முகட்டில் எப்போதும் காற்று. காற்று வில்லின் நாணில் பட்டதும், நாண் 'ஞொய்ங்' என்று பாட ஆரம்பித்தது. நமக்கு அது நாண். பிஸ்கட்டுக்கு? இரண்டு வாரத்துக்கு முன் இதே பாதையில் மண்ணுக்குள் இருந்த குளவிக்கூட்டை மிதித்து, வயிறெல்லாம் கொட்டு வாங்கிய குதிரை அது. இப்போது அதே சத்தம், அதே வயிற்றுப் பக்கம். மூன்றே துள்ளல். முதல் துள்ளலில் லானியின் தொப்பி போனது, இரண்டாவதில் லானி போனார், மூன்றாவதில் வில் பாறைக்கும் சேணத்துக்கும் நடுவே போய் மாட்டியது.

நல்லவேளை, லானி புதரில் விழுந்தார். அம்புகள் கழுதையிடமே இருந்தன. இல்லாவிட்டால் இதை நான் சிரித்துக்கொண்டு எழுதமாட்டேன்.

கார்லண்ட் ஓடி வந்தார். லானியைத் தாண்டி, குதிரையைத் தாண்டி, நேரே சேணத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"பட்டைக்கு ஒண்ணும் ஆகல பாருங்க!" என்றார்.

வில்லின் மேல்பாதி நெடுகப் பிளந்திருந்தது. லானி அதை மடியில் வைத்துக்கொண்டு, முகத்திலிருந்த முள்ளைக்கூட எடுக்காமல், "பதினோரு வருஷம்," என்றார்.

மார்லிஸ் வரிசையின் முன்னாலிருந்து திரும்பி வந்தாள். கத்தவில்லை.

"உங்க வில் எங்க, கார்லண்ட்?"

பதில் கழுதைமேல் இருந்தது. பெட்டிக்குள், இரண்டு பூட்டுப் போட்டு.

"இல்ல... இந்த மாடலை இன்னும் சோதிச்சுப் பாக்கல. அதான்..."

"இப்ப பாத்தாச்சு. ரெண்டு பேரும் பக்கத்துல வந்து நில்லுங்க. கையை விரிங்க."

ஒருவனுக்கு எந்த வில் பொருந்தும் என்பதைக் கை விரிப்பை வைத்துத்தான் எங்கள் பக்கம் கணக்கிடுவார்கள். முகட்டுக் காற்றில் இருவரும் சிறகு விரித்து நின்றார்கள். அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை. கார்லண்டின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. ஆனால், சொல்லத்தான் வேண்டும், பூட்டை அவரேதான் திறந்தார். வில்லை எடுத்து லானியிடம் கொடுத்தார். கொடுத்த கை இன்னும் விடவில்லை.

"பத்திரமா கொண்டு போங்க லானி. எப்படின்னு சொல்லட்டுமா?"

லானி அவரை நிமிர்ந்து பார்த்தார். "வேணாம் கார்லண்ட். கழுதை கொண்டு வரும்."

லானி இரண்டு நாள் வைக்கோல் கட்டின்மேல் அம்பு விட்டு அந்த வில்லைப் பழகினார். ஐந்தாம் நாள் மானோடு வந்தார். அந்த ஐந்து நாளும் கார்லண்ட் என் சமையல் கூடாரத்தில் உட்கார்ந்து, வெங்காயம் நறுக்குவதில் எல்லாரும் பண்ணும் தப்பு என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தார்.

போகும்போது அந்தப் பட்டையை விட்டுவிட்டுப் போனார். இப்போது அதில் என் வெங்காய மூட்டை தொங்குகிறது. அதற்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

சரி, நீங்கள் சொல்லுங்கள். நாண் பாடியது என்று படித்தபோது, 'ஒரு துணியைச் சுற்றியிருந்தால் சத்தமே வந்திருக்காதே' என்று உங்களுக்குத் தோன்றியதா? கூடவே, 'பட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தைத்திருக்கலாம்' என்றும்? நீங்கள் குதிரை ஏறியிருக்கிறீர்களா? வில்லைத் தொட்டாவது பார்த்திருக்கிறீர்களா? பரவாயில்லை, செப்டம்பரில் வாருங்கள், இடம் இருக்கிறது. உங்கள் யோசனையையும் கட்டாயம் கேட்கிறேன். முதலில் அதைக் குதிரைக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.